ரூபாவுக்கு நாலு சதம்

மேசையில், மூக்குக்கண்ணாடிக் கூட்டின் கீழே ஒரு காசோலை கிடக்கிறது. முப்பத்திரண்டாயிரம் ரூபா. வந்து ஒன்பது நாள். பதிவுத் தபாலில் வந்ததால் கையெழுத்து வைத்து வாங்கினேன்.

கூட வந்த கடிதம் நான்கு வரி. உன் வங்குரோத்து வழக்கில் கிடைத்ததை விற்று, செலவு கழித்து, மிச்சத்தைக் கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிட்டார்களாம். ரூபாவுக்கு நாலு சதம் வீதம் என் பங்கு இது. பெற்றுக்கொண்டதற்கு ஒப்பமிட்டு அனுப்ப வேண்டும்.

கடிதங்களில் பிழை தேடியே முப்பது வருடம் சம்பளம் வாங்கியவன் நான். இதிலும் தேடினேன். பெயர் சரி. பாலையூற்று முகவரி சரி. எட்டு இலட்சத்துக்கு நாலு சதம் வீதம் முப்பத்திரண்டாயிரம்தான், அதுவும் சரி. பிழை ஒன்றே ஒன்று. அந்தப் பட்டியலில் என் பெயர் இருக்க முடியாது. நீ எனக்கு ஒரு சதமும் தர வேண்டியதில்லை என்று மாவட்ட நீதிமன்றத்தில் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தவன் நான்.

நீ இறந்து ஏழு மாதம். அதற்கு முன் பதினான்கு மாதம் நாம் பேசவில்லை. இருபத்தொரு மாதத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து வந்த முதல் செய்தி இது. அதையும் நீதிமன்றப் பொறுப்பாளர் முத்திரையோடு அனுப்பியிருக்கிறாய்.

கிண்ணியாவுக்குப் பாலம் இல்லாத காலத்தில், பாதை என்று நாம் சொல்லும் அந்தத் தட்டைப் படகில்தான் உன்னை முதலில் கண்டேன். எனக்குக் கிண்ணியாவில் புது வேலை. உனக்கு டவுனிலிருந்து ஐஸ் கட்டிகளை வாங்கி, மரத்தூளில் புரட்டி, சாக்கில் சுற்றி, சைக்கிளில் கட்டிக்கொண்டுபோய் மீன்காரர்களுக்கு விற்கிற வேலை. சென்றிச் சாவடியில் நின்ற சிப்பாய் உன் மரத்தூளைக் கம்பியால் குத்திப் பார்த்துவிட்டு, என் சாப்பாட்டுப் பெட்டியையும் திறந்து பார்த்தான். பாதை நடுக்கடலுக்கு வந்தபோது என் கால் சில்லிட்டது.

“தம்பி, உங்கட சாமான் என்ட சப்பாத்துக்குள்ள இறங்குது” என்றேன்.

“அதுக்குக் காசில்ல சேர். கரஞ்சது கரஞ்சதுதான்” என்றாய்.

அன்று சேர். இரண்டு கிழமையில் மச்சான். என் அலுவலகமான கச்சேரியில் என்னை அப்படிக் கூப்பிடத் துணிந்தவர் எவருமில்லை. எனக்கு மனைவி இல்லாததால் மச்சான்மாரும் இல்லை. உலகத்தில் அந்தச் சொல்லை எனக்குச் சொன்னது நீ ஒருவன்தான். அப்போது அதை எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை.

சைக்கிள் மோட்டார்சைக்கிள் ஆனது, லொறி ஆனது. கடைசியில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற வழியில், வங்கிக் கடனில் ஒரு ஐஸ் ஆலையே ஆனது. மார்க்கம் விலக்கிய வட்டிக்கு எடுக்கிறோமே என்று இரண்டு வருடம் யோசித்தாய். பிறகு எடுத்தாய். அதன்பின் ஒவ்வொரு தவணை கட்டும்போதும், பல் பிடுங்கியவன்போல முகத்தை வைத்துக்கொண்டு வங்கியிலிருந்து வெளியே வருவாய். அப்படியே பத்து வருடம் ஒழுங்காகக் கட்டினாய்.

பிறகு மண்ணெண்ணெய் இல்லாமல் போனது. படகு போகாத கடலில் மீன் பிடிபடாது; மீன் இல்லாத ஊரில் ஐஸ் வாங்க யாருமில்லை. மண்ணெண்ணெய் வந்தபோது மின்சாரம் இல்லை. மின்சாரம் வந்தபோது அதன் பில்லைப் பார்த்து நீ மின்சாரம் இல்லாத காலத்தை வாழ்த்தினாய். வங்கி வட்டி இரண்டு மடங்கானது. நாடே கடன் கட்ட ஏலாது என்று அறிவித்த காலம் அது. நாட்டிடம் யாரும் போய், கட்டில் எத்தனை, பாய் எத்தனை என்று கேட்கவில்லை.

ஆலையில் வேலை செய்தவர்களுக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி என்று நீ சொன்ன அடுத்த நாள், ஓய்வு பெற்றபோது எனக்குக் கிடைத்த மொத்தத் தொகையில் எட்டு இலட்சத்தை உன் கணக்கில் போட்டேன். பின்னேரம் நீ வந்தாய். கதிரையில் இருக்கவில்லை.

“எழுதித் தாறன் மச்சான்.”

“எழுதின களைப்பே இன்னும் போகேல்லை. இரு, தேத்தண்ணி குடி.”

“மத்தக் கடன் மாதிரி இல்ல இது. நான் மௌத்தாகிறதுக்கு முதல் தீர்த்துப்போட்டுத்தான் போவன்.”

“அப்ப எனக்கு அவசரமில்லை” என்றேன். நீ சிரித்தாய். பிறகு கதிரையில் இருந்தாய்.

எட்டு இலட்சம் ஆலையைக் காப்பாற்றவில்லை. வங்கி நீதிமன்றப் படி ஏறாமலே ஆலையை ஏலம் விட்டது. சட்டத்தில் அதற்கு வழியிருக்கிறது. லீசிங் கம்பனி லொறியை எடுத்துக்கொண்டது. அப்படியும் கடன் முடியவில்லை. லொறி விற்ற காசு போதாது என்று லீசிங் கம்பனி, உதிரிப்பாகக் கடை, உப்புக்காரன், மின்சார நிலுவை. ஒவ்வொருவரும் வாசலுக்கு வரத் தொடங்கினார்கள்.

நம் ஊரில் நொடித்துப்போனவர்களுக்கு வழமையான நடைமுறைகள் உண்டு. போன் இலக்கத்தை மாற்றலாம். கட்டாருக்குப் போகலாம். இன்னும் கொஞ்சம் காசிருந்தால் தேர்தலில் நிற்கலாம். நீ இது ஒன்றையும் செய்யாமல், சட்டப்படி நொடிக்க விரும்பினாய். அப்படி ஒரு சட்டம் இருப்பதை உனக்குச் சொன்னதும் நான்தான். சட்டத்தரணி அதைத் தேடி எடுக்கவே ஒரு கிழமை கேட்டார். வெள்ளைக்காரன் செய்தது, திருகோணமலைக்கு ரயில் வரும் முன்பே வந்துவிட்ட சட்டம்.

அவர் சொன்னதை நான் உனக்குத் தமிழாக்கினேன். முதலில் மனு. அதோடு சத்தியக் கடதாசி: யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், கையில் என்ன இருக்கிறது, ஒன்றும் விடாமல். நீதிமன்றம் ஏற்றுக்கொண்டால் உன் பெயர் அரசாங்க வர்த்தமானியில் வரும். அன்றிலிருந்து உன் சொத்து உன்னுடையதல்ல. நீதிமன்றம் நியமிக்கிற பொறுப்பாளர் ஒருவர் அதை எடுத்து விற்பார். உடுப்பையும் படுக்கையையும், தொழிலுக்கு வேண்டிய சில கருவிகளையும் விட்டுவைப்பார். பிறகு கடன் கொடுத்தவர்களின் கூட்டம். ஆளாளுக்குத் தன் கடனை நிரூபிக்க வேண்டும். பிறகு உன்னைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்பார்கள். எல்லாம் நேர்மையாக இருந்தால் ஒரு சான்றிதழ். அது கையில் இருந்தால் பழைய கடனுக்காக எவரும் உன் வாசலில் வந்து நிற்க ஏலாது. நீ மறுபடி தொழில் தொடங்கலாம். எதையாவது ஒளித்தது தெரிந்தால் சான்றிதழ் கிடைக்காமலே போகலாம்.

“சேட்டிபிக்கட்டிலயும் மூண்டு வகுப்பு இருக்கு” என்றேன். “தவிர்க்க ஏலாத நட்டத்தால விழுந்தவனுக்கு முதலாம் வகுப்பு. கொஞ்சம் தன்ர பிழையும் இருந்தா ரெண்டாம் வகுப்பு. முழுக்கத் தன்ர பிழை எண்டா மூண்டாம் வகுப்பு.”

“பள்ளிக்கூடத்தில நான் ஒண்டிலயும் முதலாம் வகுப்பு எடுக்கல்ல மச்சான். விழுந்தாலும் இதில எடுக்கணும்.”

பகிடிபோலத்தான் சொன்னாய். ஆனால் அதற்குப் பிறகு நீ வேறு எதையும் கேட்கவில்லை. ஊரில் ஒவ்வொருவனுக்கும் அந்தக் கடதாசியைக் காட்ட வேண்டும், நான் களவெடுக்கவில்லை என்று நீதிபதி எழுதித் தந்திருக்கிறார் என்று சொல்ல வேண்டும், அதுதான் உனக்கு வேண்டியிருந்தது.

பட்டியலை என் மேசையில் வைத்து எழுதினோம். நீ சொன்னாய், நான் எழுதினேன். உப்புக்காரனுக்கு ஆறாயிரத்து நானூறு என்று சொல்லிவிட்டு, “நானூத்தம்பது எண்டு போடு, போன மழைக்கு எங்கட பிழையால ஒரு மூட்டை நனஞ்சது” என்று திருத்தினாய். பத்தொன்பது பெயர் முடிந்தது. இருபதாவதாக என் பெயரை எழுதப் பேனாவை வைத்தேன். நீ என் கையைப் பிடித்தாய்.

“அது வேணாம்.”

“சட்டம் கேக்குது.”

“சட்டம் கேட்டா? இதில போட்டா ஒனக்கு ரெண்டு சதம், மூண்டு சதம் தந்துபோட்டு முடிஞ்சுது எண்டு சொல்லுவாங்க. ஒண்ட கடன் முடியிற கடன் இல்ல. நான் முழுசாத் தருவன். கோட்டு விட்டாலும் அல்லாஹ் என்னை விடமாட்டான்.”

அரசாங்கப் படிவத்தில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தாலே திருப்பி அனுப்புகிறவன் நான். அன்று பத்தொன்பதாம் பெயருக்குக் கீழே கோடு கிழித்தேன். உன் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்தேன்.

பொறுப்பாளர் சொத்து எடுக்க வந்த நாளில் நானும் கிண்ணியாவுக்கு வந்திருந்தேன். நல்ல மனிதர், கணக்காளர், கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். வீட்டை எழுதப் போனார். வீடு உன்னுடையதல்ல. நம் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். நீ முப்பது வருடமாக உன் மனைவி வீட்டில் இருந்தவன். அவர் எழுதியது இரண்டு தராசு, ஒரு சைக்கிள், ஐந்து ஐஸ் பெட்டி, ஒரு போன். கடைசியாக முற்றத்தில் சாக்கைத் தூக்கிப் பார்த்து, “ஐஸ் கட்டி, பதினொன்று” என்றும் எழுதினார். விலைபோட ஆள் வந்தது நாலாம் நாள். முற்றத்தில் ஈர மரத்தூள்தான் இருந்தது. பதினொரு கட்டி எங்கே என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பதிலை நான்தான் எழுதினேன். இயற்கையான காரணங்களால் அவை கடலைச் சேர்ந்துவிட்டன என்று எழுதியதாக நினைவு. நீ அதை மூன்று தரம் வாசிக்கச் சொல்லிச் சிரித்தாய். நாம் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

உன்னைக் கூண்டில் ஏற்றிய நாள் லீசிங் கம்பனியின் சட்டத்தரணி எழுந்து, பட்டியலில் விடுபட்டவர் எவரும் உண்டா என்று கேட்டார். இல்லை என்றாய். அவர் உன் வங்கிக் கணக்கின் பிரதியை நீட்டினார். இந்த எட்டு இலட்சம் யாருடையது?

நீ பின்வரிசை வாங்கில் இருந்த என்னைத்தான் பார்த்தாய். நீதிபதியும் பார்த்தார். அரை மணி நேரத்தில் நான் கூண்டில் நின்றேன்.

“கடனா, அன்பளிப்பா?” என்று சட்டத்தரணி கேட்டார்.

கடன் என்றால் நீ பொய்ச் சத்தியம் செய்தவன். முதலாம் வகுப்பு அல்ல, சான்றிதழே போய்விடும். நான் யோசிக்கவில்லை.

“அன்பளிப்பு.”

“எட்டு இலட்சம்? ஓய்வுபெற்ற ஒரு எழுதுவினைஞர்? திரும்பி வரும் என்று எதிர்பார்க்கவே இல்லையா?”

அங்கே நிறுத்தியிருக்கலாம். இல்லை என்று ஒரு சொல் போதும். எனக்கு வாய் நிற்காது. “அவருக்குக் கொடுத்தது எதுவும் திரும்பி வரும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை, கனம் நீதிபதி அவர்களே. அவர் ஐஸ் வியாபாரி” என்றேன்.

நீதிமன்றம் சிரித்தது. நீதிபதியும் குனிந்து சிரித்தார். சட்டத்தரணி தன் இடத்தில் இருந்துவிட்டார். வெற்றி என்று நினைத்து உன் பக்கம் திரும்பினேன். நீ உன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

வெளியே விறாந்தையில் வைத்துக் கேட்டாய். “அப்ப நீ நெடுக என்னை அப்பிடித்தான் நினைச்சிருந்தனியா?”

“டேய், அது கோட்டுக்குச் சொன்னது.”

“ஓம். சத்தியம் செஞ்சுதானே சொன்ன.” இடுப்புச் சாரத்தைச் சரிசெய்துகொண்டாய். “வாறன் சேர்.”

நீ பஸ் தரிப்பிடம் வரை போய்ச் சேரும் மட்டும் அங்கேயே நின்றேன். முப்பது வருடத்துக்குப் பிறகு மறுபடி சேர்.

பிறகு இரண்டு தரம் போன் எடுத்தேன். அடித்து ஓய்ந்தது. ஒருமுறை மீன் சந்தையில் கண்டேன். அலுவலரைக் காண்பவன்போல மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போனாய். ஊரில் வர்த்தமானி வாசிக்கிற ஒரே மனிதன் என்று என்னை நீ பகிடி பண்ணுவாய். அந்த மாதங்களில் அந்த வாசிப்பையும் விட்டுவிட்டேன். பின்னேரம் தேத்தண்ணி ஊற்றும்போது கை இரண்டு கோப்பை எடுக்கும். ஒன்றைத் திரும்ப வைப்பதற்குப் பழக எனக்கு அதிக நாள் எடுத்தது. ஒழுங்கான மனிதனுக்குப் பழக்கங்கள் சுலபத்தில் விடாது.

உன் ஜனாஸாவுக்கு வந்தேன். பள்ளிவாசல் கேற் ஓரமாகச் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றேன். தொழுகைக்கு முன் உன் தம்பி எழுந்து, உங்கள் வழக்கப்படி அண்ணனுக்காகக் கேட்டார். “எங்கட நானா யாருக்கும் கடன் குடுக்க இருந்தா எங்களிட்டச் சொல்லுங்க. நாங்க பொறுப்பு.” கூட்டத்தைத் தாண்டி அவர் பார்வை என்னிடம் வந்து நின்றது. நான் செருப்புகளைப் பார்த்தேன். அடக்கம் முடிந்து போகும்போது கிட்ட வந்தார்.

“சேர், ஒண்டும் சொல்ல இல்லையா?”

“இல்லை.”

“சரி” என்று போய்விட்டார். பெருந்தன்மையாக நடந்துகொண்டேன் என்ற எண்ணத்தோடு நான் பஸ் ஏறினேன்.

காசோலை வந்த மறுநாள் நீதிமன்றப் பதிவறைக்குப் போனேன். உன் வழக்குக் கோவையைத் தூசி தட்டித் தந்தார்கள். நான் சாட்சி சொன்ன எட்டாம் நாள் நீ தனியாகப் போய் இன்னொரு சத்தியக் கடதாசி கொடுத்திருக்கிறாய். வெளியே குடையின் கீழ் இருப்பவரிடம் தட்டச்சு செய்வித்தது. எழுத்துப் பிழை இரண்டு. என்னிடம் வந்திருந்தால் திருத்தித் தந்திருப்பேன்.

“என் நண்பர் எப்படிக் கொடுத்தார் என்பது அவருக்குத் தெரியும். நான் கடனாக வாங்கினேன். பட்டியலில் விட்டது என் பிழை. எழுதியவரின் பிழை அல்ல. அவர் பெயரைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.”

கொடுத்தவன் கேட்காத கடனை வாங்கியவனே வந்து நிரூபித்த கோவையைத் தான் முன்பின் பார்த்ததில்லை என்றார் பதிவாளர். எனக்கு அறிவித்தல் வர்த்தமானியில் போட்டிருந்தார்களாம். அடுத்த தாளில் உன் சான்றிதழின் பிரதி. மனுதாரரின் நட்டம் தவிர்க்க முடியாதது. ஆயினும் முதற் பட்டியலில் ஒரு கடனை மறைத்தமையால், இரண்டாம் வகுப்பு.

அதன்பிறகு நீ ஒரு சொல்லும் பேசாமல் இருந்திருந்தால் உனக்கு முதலாம் வகுப்புக் கிடைத்திருக்கும். நான் அதை வாங்கித் தந்துவிட்டுத்தான் கூண்டிலிருந்து இறங்கினேன். நீ போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாய், எனக்குக் கடன்பட்டவனாக இருப்பதற்கு. அதையும் எனக்குச் சொல்லவில்லை.

நேற்றுப் பொறுப்பாளர் போன் எடுத்தார். “ஐயா, எல்லாரும் மாத்திப்போட்டினம். உங்கட காசோலை ஒண்டுதான் மிச்சம். அது வந்தாத்தான் நான் ஃபைலை மூடலாம்.”

“நாளைக்கு” என்றேன். காசோலை செல்லுபடியாகும் ஆறு மாதமும் வைத்திருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். அதுவரை உன் கோவை திறந்திருக்கும். உன்னைப் பற்றி என்னோடு கதைக்க ஒரு மனிதராவது போன் எடுப்பார். ஆனால் நீ தீர்த்துப்போட்டுப் போக நினைத்தவன். உன்னை வாசலில் நிறுத்திவைக்க எனக்கு என்ன உரிமை?

இன்று காலை கிண்ணியாவுக்குப் போனேன். உன் தம்பி முற்றத்தில் நின்று, உன் பழைய ஐஸ் பெட்டிகளில் ஒன்றில் கட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். ஏலத்தில் அவரே வாங்கினாராம். மரத்தூள் வாசம். பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததைச் சொன்னேன்.

“தம்பி, அண்டைக்கு நான் சொன்னது பிழை. கடன் இருந்தது. எட்டு இலட்சம். முப்பத்திரண்டாயிரம் வந்திட்டுது. மிச்சத்தை நான் மன்னிச்சிட்டன். அதைச் சொல்லத்தான் வந்தனான்.”

அவர் கையைத் துடைக்காமல் என்னைப் பார்த்தார். “கடன் இருந்தது எண்டு சொல்ல ஒங்களுக்கு ஏழு மாசம் எடுத்திருக்கு. மன்னிக்கிறதுக்கு மட்டும் ஒரு நிமிசமா?”

“அவருக்கு நிம்மதியா இருக்கட்டும்.”

“மன்னிச்சா நானாக்குப் போதும்தான். ஆனா அவர் சொல்லி வச்சிட்டுப் போயிட்டாரே. ‘சேர் வந்து மன்னிச்சன் எண்டு சொல்லுவார், விட்டுராதே, மாசம் அஞ்சாயிரம் குடு, வந்து வாங்கச் சொல்லு’ எண்டு.” கொஞ்சம் நிறுத்தினார். “சேர் எண்டு சொல்லல்ல. என்ட மச்சான் எண்டுதான் சொன்னவர்.”

இருங்கோ என்றும் சொல்லாமல் கதிரையை இழுத்துப் போட்டார். உள்ளேயிருந்து தேத்தண்ணி வந்தது.

மிச்சம் ஏழு இலட்சத்து அறுபத்தெட்டாயிரம். மாதம் ஐயாயிரம் என்றால் நூற்று ஐம்பத்து நாலு மாதம். கடைசி மாதம் மூவாயிரம். எனக்கு இப்போது அறுபத்து நாலு. கணக்கு முடிய நான் எழுபத்தாறைத் தாண்ட வேண்டும். எங்கள் குடும்பத்தில் ஆண்கள் எவரும் எழுபதைத் தாண்டியதில்லை. இதைப் பற்றி நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதல் தவணையை வாங்கிக்கொண்டேன். டவுனில் இறங்கிக் காசோலையைக் கணக்கில் போட நினைத்திருந்தேன்; அதை எடுத்துக்கொண்டு போகாதது திரும்பும்போது பாலத்தில்தான் நினைவுக்கு வந்தது. அது மேசையில் கிடக்கிறது; நாளைக்குப் போடுவேன், உன் கோவையை மூடட்டும். உன் தம்பியின் ஈரக் கையால் வந்த நோட்டுகள் சட்டைப்பையை நனைத்து, சில்லென்று நெஞ்சில் ஒட்டியிருந்தன. வீடு வந்து சேரும்வரை நான் அவற்றை இடம் மாற்றவில்லை.